தொட்டிக்கு ஏறிய புழு

நான்கு பெண்கள் பாஞ்சாலையின் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு வாளியிலிருந்து வெள்ளைப் பொடியை அள்ளி அள்ளி அவளுடைய புழுக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தார். அவரைக்கொல்லைக்குத் தூவுவதற்காகத் திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வரவழைத்த பூச்சிப் பொடி அது. நாற்றம் மூக்கைப் பிய்த்தது.

"அந்த மூங்கில எடுக்க வுடுங்கடி! அத எடுத்துட்டு அப்புறம் இன்னா கருமத்த வேணா கொட்டுங்க!" என்று பாஞ்சாலை கத்தினாள்.

"மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டியிருக்குது. தண்ணி போற வழியில கை வெக்கக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள். பிடியை மட்டும் விடவில்லை.

"அது தண்ணி வழி இல்லடி. புழு வழி!"

பிடித்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். புழுவுக்கு ரோடு போட்டவள் இந்த மலையிலேயே நீ ஒருத்திதான் என்று ஒருத்தி சொன்னாள். சிரித்தாலும் கை தளரவில்லை. கல்லுடைத்துக் காய்த்த கைகள் எல்லாம்.

சிரித்தார்களே தவிர, அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அவள் குடிசைக்குப் பக்கத்தில், என்றைக்கோ நாற்றுப் பண்ணைக்குக் கட்டிக் கைவிட்ட சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. ஊற்றுத் தண்ணீர் அதில் வந்து விழும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மலையிறங்கிக் கீழ்நாட்டு ஏரி வேலைக்குப் போனபோது அங்கிருந்து பானையில் ஜிலேபி மீன் குஞ்சு கொண்டுவந்து விட்டாள். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரை ஜல்லி கொட்டிய வாய்க்காலில் திருப்பி, அந்த ஜல்லியிலேயே தக்காளியும் புதினாவும் நட்டாள். மீன் இருந்த தண்ணீர் பட்ட தக்காளி ஒவ்வொன்றும் குழந்தை கை முஷ்டி அளவுக்குக் காய்த்தது.

மீனுக்குத் தீனிதான் பெரிய பாடாக இருந்தது. தவிட்டுக்கு எங்கே போவது? பலா உரிக்கிற கூலிக்குப் போகிறவள் அவள். சக்கையைக் குழியில் கொட்டி வைத்தாள். குளவி மாதிரி ஒல்லியான கறுப்பு ஈ ஒன்று வந்து முட்டையிட்டது. அது வீட்டுக்குள் நுழைவதில்லை, சோற்றில் உட்காருவதில்லை. இதை அவள் நாள் கணக்காகக் குந்தியிருந்து பார்த்தே தெரிந்துகொண்டாள். புழு தின்று கொழுத்து, கூடு கட்டுகிற பருவம் வந்தால் ஈரத்தை விட்டு மேட்டைத் தேடி ஏறும். அதற்காகத்தான் குழியிலிருந்து தொட்டி விளிம்பு வரைக்கும் பிளந்த மூங்கிலைச் சாய்த்து வைத்திருந்தாள். யாரும் அள்ளிப் போட வேண்டாம். புழு தன் காரியமாக ஏறிவந்து தண்ணீரில் விழும், மீன் வாயைத் திறந்துகொண்டு கீழே காத்திருக்கும்.

சாய்ந்து கிடக்கிற மூங்கிலைப் பார்த்தவர்கள் எல்லாரும் தொட்டித் தண்ணீர் குழிக்கு இறங்குகிற வழி என்றே நினைத்தார்கள். காப்புக் கட்டிய எட்டு நாளும் அந்த ஊரில் ஓடுகிற தண்ணீரை மறிக்க மாட்டார்கள், வாய்க்காலை மாற்ற மாட்டார்கள். ஆத்தாள் தண்ணீர் வழியாக ஊர் சுற்றுகிறாள் என்பது நம்பிக்கை. அதனால் குழியை நாசம் செய்தவர்கள் மூங்கிலை மட்டும் பக்தியோடு விட்டுவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் காரணம் மூன்று பிள்ளைகளுக்கு வந்த வாந்தி. அதில் ஒன்று கவுண்டர் பேத்தி. பழுத்து வெடித்த பலாவை வெறும் வயிற்றில் முட்ட முட்டத் தின்றால் வாந்தி வராமல் என்ன வரும்? அதை யாரும் கேட்கவில்லை. புழுக்குழிதான் ஊருக்கு நோய் கொண்டுவந்தது என்று கவுண்டர் சொன்னார், ஊர் தலையாட்டியது. தலையாட்டிய தலைகளில் பாதி அவள் கொடுத்த மீனைத் தின்று வளர்ந்த தலை.

கொட்டி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டார் கவுண்டர்.

"பொடி பூச்சியத்தான் கொல்லும், மனுசன ஒண்ணும் செய்யாது. பயப்படாத" என்று வேறு சொல்லிவிட்டு, மூங்கிலுக்குப் பக்கத்தில் கோலோடு ஓர் ஆளையும் காவல் வைத்துவிட்டுப் போனார்.

விடிந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீர் தெரியவில்லை. வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன. பொடி அப்பிய புழுக்கள் சாகிற வேகத்தில் மூங்கிலில் ஏறியிருக்கின்றன. கடைசியாக ஏறியது ஒன்று பாதி வழியில் மாவு பூசியதுபோலச் செத்துக் கிடந்தது. பாஞ்சாலை அழவில்லை. கூடையை எடுத்துவந்து மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டாள். பிறகு ஜல்லி வாய்க்காலுக்குப் போய், அந்தத் தண்ணீர் குடித்த தக்காளிச் செடிகளைக் காயோடு பிடுங்கினாள்.

அன்று காலையே புளியமரத்தடியில் கூட்டம். ஊர்ச் சொல்லை எதிர்த்துக் கத்தியதற்கு அவள் சபையில் விழுந்து கும்பிட வேண்டும், இனி புழுக்குழி வெட்டுவதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அவள் புருஷன் வீரன் அதற்குள் தலை சீவித் தயாராக நின்றான்.

"வுழுந்துட்டா முடிஞ்சிது பாஞ்சால. மண்ணு ஒட்டுனா தட்டிக்கலாம்."

"நீ வுழுந்து வுழுந்து தட்டிதான் உன் வேட்டியே நார் நாரா போய்க் கீது. நவுருய்யா."

கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் போய் நின்றபோது, வாந்தியெடுத்த கவுண்டர் பேத்தி கையில் பலாச்சுளையோடு கூட்டத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

கவுண்டர் கூடையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைத்தான் பாஞ்சாலையால் பொறுக்க முடியவில்லை.

"பாத்தீங்களா? அந்தப் புழுவத் தின்னுதான் மீனே செத்துப் போச்சு. எவ்ளோ வெஷம் அந்தப் புழுவுல! இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்றார்.

ஆமாம் ஆமாம் என்றது கூட்டம். அவருடைய கையில் ரேகைக்குள் பொடி இன்னும் வெள்ளையாக இருந்தது.

"கவுண்டரே," என்றாள் பாஞ்சாலை. "ரெண்டு வருசமா இந்தப் புழுவத் தின்னுதான் என் மீனு வளந்துது. உங்க மருமவ புள்ள பெத்து ஒடம்பு தேறாம கெடந்தப்ப, உங்க வூட்டுக்கு மீன் குடுத்தனுப்புனது யாரு? அப்ப வெஷம் எங்க போயிருந்துச்சு? சந்தைக்குப் போயிருந்துச்சா?"

"வாய அடக்கிப் பேசு."

"அடக்கிட்டேன். நீங்க தொறங்க." கூடையிலிருந்து பெரிய மீன் ஒன்றை எடுத்து ஒரு பலா இலையில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள். "பொடி மனுசன ஒண்ணும் செய்யாதுன்னு நேத்து நீங்கதான சொன்னீங்க? சுட்டுத் தின்னுங்க. தின்னு காட்டுனா நான் சபையில எல்லார் கால்லயும் வுழுறேன். சாந்தம்மா காலு உட்பட."

"என் கால எதுக்குடி இழுக்கிற?" என்றாள் சாந்தம்மாள்.

கவுண்டர் நெளிந்தார். ஆனால் ஊரை நடத்துகிறவருக்கு வழியா கிடைக்காது? "காப்பு நாள்ல கவுச்சி தொடச் சொல்றியா? ஆத்தா கண்ண நோண்டிடுவா."

"அதுவும் செரி. காப்பு அவுத்தப்புறம் தின்னுங்க. நான் உப்புப் போட்டுக் காய வெச்சு உங்க வூட்டு வாசல்லயே கட்டித் தொங்க வுடுறேன். எட்டு நாளு இன்னா, எண்பது நாளு காத்திருக்கேன்."

அந்த நேரத்தில் கவுண்டர் பேத்தி ஓடிவந்து குனிந்து, இலையில் கிடந்த மீனின் வாலைப் பிடித்துத் தூக்கியது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த கவுண்டர் சம்சாரம் மாதம்மாள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, தொடாத! கீழ போடு! கைய வாயில வெக்காத!"

"ஏன் அண்ணி, தொட்டா இன்னா?" என்று பாஞ்சாலை மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாவா? பொடி தின்ன மீனாச்சே அது!"

சொல்லிவிட்டு மாதம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் புளியமரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். வீரன் வாழ்க்கையில் முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்தினான், பிறகு கவுண்டர் திரும்பியதும் தாழ்த்திக்கொண்டான்.

"காப்பு நாள்ல வழக்கு வாணாம். எழுந்து போங்க" என்றார் கவுண்டர்.

தப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கொட்டியது நாங்கள், கொன்றது நாங்கள் என்று எவன் வாயிலிருந்தும் வரவில்லை. வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார்கள், கோழிச் சண்டை பார்த்துவிட்டுப் போகிற மாதிரி.

"எங்க போறீங்க? எனக்குக் குஞ்சு வரணும்! ஏரியிலேர்ந்து பானையோட வரணும்! உங்க கும்புடு எனக்கு வாணாம், என் கும்புடு உங்களுக்குக் கெடையாது!" என்று அவள் போட்ட சத்தம் கடைசி ஆள் வரப்பைத் தாண்டுகிற வரைக்கும் நிற்கவில்லை. மீனை ஊற்றுக்கு எட்டாத கரட்டு மேட்டில் ஆழமாகக் குழி வெட்டி அவளே புதைத்தாள். மண் தள்ளக்கூட ஒருத்தரும் வரவில்லை.

காப்பு அவிழ்த்து மூன்றாம் நாள், கூலிக்குப் போய்த் திரும்பியபோது அவள் வாசலில் வாய் கட்டிய பானை ஒன்று இருந்தது. திறந்தால் மீன் குஞ்சு. கவுண்டர் வீட்டு ஆள் ஏரிக்குப் போய் வந்ததாகச் சாந்தம்மாள் சொன்னாள்.

"பாரு, மனுசன் மனுசன்தான். போதும், கோவத்த வுட்டுடு" என்றான் வீரன்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே. பானைக்கு வாய் இருந்தா போதுமா? சரிய்யா, குஞ்ச எங்க வுடறது? பொடி எறங்குன தொட்டி. நாலு தரம் எறச்சு, சொரண்டிச் சொரண்டிக் கழுவி, ஊத்துத் தண்ணி ரெண்டு மாசம் ஓடுனாதான் உண்டு. அதுவரைக்கும் உன் வேட்டியில முடிஞ்சு வெக்கட்டுமா?"

அவள் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், ஓடைச்சரிவு வழியாகக் கவுண்டர் வீட்டுக்கு நடந்தாள்.

கவுண்டர் வீட்டு முற்றத்தில் மாடு தண்ணீர் குடிக்கிற பெரிய கல்தொட்டி இருந்தது. அதில் பானையைக் கவிழ்த்தாள். குஞ்சுகள் சிதறி ஓடின. உள்ளேயிருந்து கவுண்டர் வந்தார்.

"இன்னா பண்ற நீ?"

"என் தொட்டி கழுவித் தேறுற வரைக்கும் இங்க இருக்கட்டும் கவுண்டரே. மாடு முட்டாம பாத்துக்குங்க."

"தீனி?"

"நானே கொண்டாறேன்." மடியை அவிழ்த்தாள். ஓடைச்சரிவில் அழுகிக் கிடந்த பலாவிலிருந்து பொறுக்கிய புழு, தேக்கு இலைப் பொட்டலத்தில் நெளிந்தது. அவருக்கு நன்றாகத் தெரியும்படி ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டாள். "தெனம் காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி வருவேன். உங்க வாசல்லதான் வருவேன்."

கவுண்டர் வாசலில் நின்றபடியே இருந்தார். தெருவில் ஆட்கள் வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாஞ்சாலை கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், அடுத்த பிடியைப் போட்டாள்.