கைக்கு எட்டாத தபால் பெட்டி

அந்தச் சீமைக் களிமண்ணைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. பனி உருகி, மேலே ஒரு மழையும் விழுந்தால் போதும், கிழக்கு மான்டானாவின் மண்சாலை எல்லாம் கிண்டிய களியாகிவிடும். மாடு போனால் குளம்பைப் பிடிக்கும், வண்டி போனால் வண்டியையே பிடிக்கும். அந்தச் சாலையில் ஞாயிறு தவிர எல்லா நாளும் தபால் கொண்டுபோவது வெர்லா ஸ்டூபனின் பிழைப்பு. வண்டி அவளுடையது, டீசல் அவளுடையது, தபால் தாமதமானால் திட்டு வாங்குவதும் அவள்தான்.

போன வசந்தத்தில் ஒரு வாரத்துக்கு மேல் கடைசி ஒன்பது மைலுக்குள் அவளால் நுழையவே முடியவில்லை. அந்த ஒன்பது மைலில் இருப்பது ஒரே ஒரு வீடு. ஆரின் டால்பர்க் என்ற கிழவர், தனிக்கட்டை, வாயைத் திறந்தால் வம்பு. அவருடைய இதய மாத்திரை தபாலில்தான் வரும். மாத்திரை தீர்ந்தும் மனுஷர் ஒரு ஆளுக்குக்கூடப் போன் பண்ணவில்லை. சாலை காய்ந்ததும் முதலில் போன வெர்லாதான் அவர் தொழுவத்தில் சுருண்டு கிடப்பதைப் பார்த்து, தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிழைத்து வந்தவர் நன்றி சொன்னாரா? "நான் ஒண்ணும் உன்னை வரச் சொல்லலையே அம்மணி" என்றார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். தொழுவத்தில் கிடந்த அந்த உடம்பு வெர்லாவின் கண்ணை விட்டு அகலவில்லை. அடுத்த வசந்தத்தில் களியைத் தாண்டிப் போயே தீருவது, இல்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். விட்டால் எடுத்துச் செய்ய வேறு நாதி கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு சாலையோரக் கம்பத்தில் நிற்கும் தபால் பெட்டிகளை எல்லாம் பிடுங்கி நெடுஞ்சாலை முக்கில் வரிசையாக நட்டுவிடுவார்கள். அப்புறம் ஆரின் அந்த ஒன்பது மைலையும் தாண்டி வந்துதான் மாத்திரையை எடுக்க வேண்டும்.

பனிக்காலம் முடியும் நேரத்தில் வண்டியை கோர்டியின் டயர் கடைக்கு ஓட்டிப் போனாள். ஒரு டன் பிக்கப் வண்டி, நல்ல பாரம் இழுக்கும். பெரிய டயரும் அதற்கேற்ற வீலும் போட வேண்டும் என்றாள்.

"அகலமா போட்டுக்க வெர்லா. சும்மா சிங்கம் மாதிரி நிக்கும்" என்றான் கோர்டி.

"சிங்கத்தை வெச்சு நான் என்ன பண்ண? அகல டயர் களி மேல வழுக்கும், மட்கார்டுக்குள்ள களியை வாரி அடைச்சுக்கிட்டு நின்னுரும். எனக்கு ஒசரமும் ஒல்லியுமா வேணும். களியை வெட்டிக்கிட்டு உள்ள போயி அடித்தரையைப் பிடிக்கணும்."

"இப்பத்தான் தெரியுது உன் புருஷன் ஏன் ஓடிப்போனான்னு."

"அவனும் அகலம்தான்" என்றாள் வெர்லா. கோர்டி ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

வேலையை இரண்டு பேரும் சேர்ந்து கவனமாகத்தான் செய்தார்கள். முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றி, பின்பக்கம் கட்டை கொடுத்து வண்டியை உயரமாக்கினார்கள். ஸ்டியரிங்கைக் கோடி வரை ஒடித்து டயர் எங்கே உரசுகிறது என்று பார்த்து, உரசிய பிளாஸ்டிக்கை அறுத்தெடுத்தார்கள். பின்னால் உப்புக்கட்டி மூட்டைகளை ஏற்றிப் பாரத்தோடும் பார்த்தார்கள். டயர் பெரிதானதால் வேகமுள் குறைத்துக் காட்டும் என்று அதையும் சரி செய்தான் கோர்டி. "அம்பது மைல் ஓட்டிட்டு நட்டை எல்லாம் மறுபடி முறுக்கணும், மறந்துறாதே" என்று மூன்று தரம் சொன்னான். எல்லாவற்றையும் அளந்தார்கள், ஒன்றைத் தவிர.

மறுநாள் காலை முதல் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, எப்போதும்போல் இடப்பக்க ஸ்டியரிங்கை விட்டு இருக்கையில் நகர்ந்து வலப்பக்கச் சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். கை அந்தரத்தில் தொங்கியது. பெட்டி எங்கோ கீழே இருந்தது. முன்பே அக்குள் வரை வெளியே தள்ளித்தான் எட்டுவாள். இப்போது இடுப்பு வரை தொங்கினாலும் விரல் நுனிகூடப் படவில்லை.

"அட என் கெட்ட நேரமே!" என்றாள். இருபது வருஷமாகத் தபால் போடுகிறவள், தபால் பெட்டியின் உயரத்தை மறந்துவிட்டாள். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இறங்கினாள், போட்டாள், ஏறினாள். அந்த வழியில் பெட்டிகள் அறுபது. அவளுடைய வலது முழங்காலோ ஒரு கிடாரி உதைத்ததிலிருந்தே மழைக்கு முன்னால் தகவல் சொல்லும் முழங்கால்.

களியில் மட்டும் வண்டி சொன்னபடி கேட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் டயர் இறங்கி, அடித்தரையைப் பிடித்துக்கொண்டு ஒன்பது மைலும் போய்விட்டது. வாசற்கதவருகே நின்ற ஆரின் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன இது, யானையை முக்காலி மேல ஏத்தின மாதிரி? சர்க்கஸ்ல சேந்துட்டியா?"

"உங்க மாத்திரை பெரியவரே. பிடிங்க."

"பழைய டயரை என்ன பண்ணின? சும்மா கிடந்தா கொண்டா. வைக்கோல் தார்ப்பாய் காத்துல பறக்குது, மேல வைக்கணும்."

கொடுத்தாலும் திமிர், கேட்டாலும் திமிர் என்று முனகிக்கொண்டு மறுநாளே நாலு டயரையும் கொண்டுபோய் இறக்கினாள்.

ஒரு வாரம் போனது. முழங்கால் ரொட்டி மாவுபோல் உப்பியது. குப்பை பொறுக்கும் நீளக் கொறடு ஒன்றால் கடிதத்தை நீட்டிப் பார்த்தாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு கனடாப் பக்கம் போனது. டயரைக் கழற்றினால் ஆரினிடம் போக முடியாது, கழற்றாவிட்டால் மற்றவர்களிடம் போக முடியாது. புதன்கிழமை மாலை, தபால் நிலையத்து மார்லிஸிடம் சொன்னாள். "சனிக்கிழமையோட விட்டுர்றேன் மார்லிஸ். பெட்டி எட்டாம ஒவ்வொண்ணுக்கும் இறங்கி ஏறி, கால் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. யார்கிட்டயும் சொல்லிராதே."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது" என்றாள் மார்லிஸ். மார்லிஸின் வாயும் ஓட்டைப் பானையும் ஒன்று. வெர்லா வீடு போய்ச் சேரும் முன்னே செய்தி களியைத் தாண்டிப் போய்விட்டது.

சனிக்கிழமை காலை கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதல் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, இறங்கக் கதவைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சன்னலுக்கு நேராகப் பெட்டி நின்றது. பழைய கம்பத்தின் மேல் எண்ணெய்க் கிணற்றுக் குழாய்த் துண்டு ஒன்றைப் பற்றவைத்து உயர்த்தியிருந்தார்கள். அடுத்த பெட்டி ரயில் கட்டை மேல் ஏறியிருந்தது. அதற்கடுத்தது பால் கேன் மேல். ஒரு வீட்டில் அவசரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போல, சாப்பாட்டு மேசை நாற்காலியையே கம்பத்தோடு வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு ஆள்கூட வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. மார்லிஸை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள். திட்டத் திட்ட அழுகையும் சேர்ந்துகொண்டது. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சட்டைக்கை நனைந்துபோனது.

கடைசித் திருப்பத்தில் திரும்பும்போது மனசைத் தேற்றிக்கொண்டாள். கிழவர் செய்திருக்க மாட்டார், செய்கிற ஆளும் இல்லை. போகட்டும், ஒரு பெட்டிக்கு இறங்கினால் கால் ஒன்றும் உடைந்துவிடாது.

ஆரினின் பெட்டி, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அவள் தலைக்கும் மேலே நின்றது. கையைத் தூக்கினால்தான் எட்டும். கம்பத்தின் அடியில் டயர் ஒன்று, உள்ளே கான்கிரீட் ரொப்பி இறுகியிருந்தது. பக்கவாட்டில் முள்கம்பி கீறிய தழும்பைப் பார்த்ததும் தன்னுடைய டயர் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு பக்கெட் கவிழ்ந்திருந்தது. எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியும் பெட்டியில் தூக்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் கிழவர் யாருக்கும் கடிதம் போட்டதில்லை, கொடியைத் தூக்கியதும் இல்லை. உள்ளே கையை விட்டாள். ஒரு பாட்டில் தைலம் வந்தது.

"குதிரைக்கு வாங்கினது. குதிரை செத்துப்போச்சு" என்றார் வாசலில் நின்ற ஆரின். "தைலத்தால இல்ல. முட்டிக்கு நல்லா கேக்கும்."

"இவ்ளோ ஒசரத்துல நட்டா நீங்க எப்படி எடுப்பீங்க பெரியவரே?"

"அதுக்குத்தான் பக்கெட்டு. எனக்கு ஒரு பெட்டி. உனக்கு அறுபது."

வெர்லா மாத்திரைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை.

"பெட்டியில போடு. கான்கிரீட் கிண்டிக் கிண்டி இடுப்பு போச்சு, சும்மாவா நட்டேன்?"

போட்டு மூடினாள். கிழவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கெட் மேல் ஏறினார். பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இறங்காமல், சன்னல் உயரத்திலேயே நின்றுகொண்டு அவளைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தான் கடைசின்னு மார்லிஸ் சொன்னா."

"மார்லிஸ் ஆயிரம் சொல்வா."

"எனக்கு நீ வரணும்" என்றார் ஆரின். சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது போல, டயரைப் பார்த்தார். "நட்டெல்லாம் மறுபடி முறுக்கினியா?"

"முறுக்கிட்டேன். பாத்து இறங்குங்க. திங்கக்கிழமை வர்றேன்."

அவர் இறங்கும் வரை காத்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பினாள்.