எதிர் வீட்டு ஜன்னல்

கஞ்சிக்கோட்டில் ரயில் பாதையைத் தாண்டி, ஆலைகளுக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆறு பிளாக்குகளையும் கட்டிய மகராசனுக்கு ஒரே ஒரு வரைபடம்தான் கிடைத்திருக்க வேண்டும். அதையே ஆறு தடவை கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டான். எல்லாவற்றுக்கும் அதே வெளிர் மஞ்சள், அதே பச்சை இரும்புக் கதவு, அதே நாலு மாடி. பிளாக்குகள் இரண்டிரண்டாக முதுகைக் காட்டி நிற்கின்றன. சமையலறை ஜன்னல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். சி பிளாக்கில் ஒருத்தி என்ன குழம்பு வைக்கிறாள் என்பது அவள் புருஷனுக்கு முன்னால் டி பிளாக்காரிக்குத் தெரிந்துவிடும். குடிவந்த புதிதில் ஷிப்ட் முடிந்து வந்து அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி அசடு வழிந்த ஆண்கள் கொஞ்சநஞ்சமில்லை.

கட்டியவனின் கற்பனைக்குத்தான் பஞ்சம், அங்கே குடியிருக்கும் சனங்களின் நம்பிக்கைக்குக் குறைச்சலே இல்லை. திறப்பு விழா அன்று ஓடிய லிஃப்ட் மறுநாள் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. “அடுத்த மாசம் ஓடுமுங்க, சாமான் வந்துருச்சாமா” என்று கீழ் வீட்டுக் குப்பண்ணன் மாசாமாசம் சொல்வார். கேட்பவர்களும் முதல் தடவை கேட்பதுபோலத் தலையாட்டுவார்கள். லாரி நிறுத்துகிற பொட்டலில் பூங்கா வரப்போகிறதென்று அதற்குள் பெஞ்சுக்கு இடம் பிடித்து வைத்தவர்களும் உண்டு.

சி பிளாக் மூன்றாவது மாடியில் இருக்கும் செல்வலட்சுமிக்கு இந்தப் பேச்சே ஆகாது. அவளுடைய ஐந்து வயது மகன் அஜய்க்குப் பிறவியிலேயே காது கேட்காது. பார்க்கிறவர்களெல்லாம் “செரியாயிரும் கண்ணு” என்று சொல்லிச் சொல்லி அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. அவள் நம்பியது கதவை. கீழே நாளெல்லாம் லாரி போகும். பையனுக்கு ஹாரன் கேட்காது. ஆகவே கதவுப் பூட்டின் குமிழில் அவன் கை வைத்தபோதெல்லாம் அந்தக் கையிலேயே ஒன்று போட்டு வளர்த்திருந்தாள். அவனும் அதைத் தொடுவதை விட்டுவிட்டான்.

அது தை மாதம். கணவாய்க் காற்று பேயாகச் சுழற்றும் நாட்கள். காலையில் பப்படம் பொரிக்க வாணலியில் எண்ணெயை ஊற்றி அடுப்பை மூட்டியவள், வெளியே நடையில் காயப்போட்ட சேலை கம்பியை விட்டுப் பறப்பதை, சாத்த மறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். எட்டிப் பிடித்துவிட்டு வந்துவிடலாம் என்று செருப்புகூடப் போடாமல் வெளியே போனாள். சேலை கைக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு டமாரென்று சாத்திக்கொண்டது.

தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. சாவி உள்ளே ஆணியில். இன்னொரு சாவி ஆலைக்குள் இருக்கும் புருஷனிடம். அவன் போன் வேலை முடியும்வரை ஆலை வாசல் காவலாளியிடம். உள்ளே அடுப்பு எரிகிறது. ஹாலில் பையன் தனியாக உட்கார்ந்து பிளாஸ்டிக் லாரி ஓட்டுகிறான்.

கதவைத் தட்டினாள். பிறகுதான் யாருக்காகத் தட்டுகிறோம் என்று உறைத்தது. அவள் போட்ட கூச்சலில் சி பிளாக்கே திரண்டது. குப்பண்ணன் கடப்பாரையோடு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“இரும்புக் கதவுங்க, நெம்பறதுக்கு எடமே இல்ல. ஃபயர் ஃபோர்ஸுக்குப் போன்ல விளிச்சாச்சு. கூட்ஸ் வண்டி நிக்கிதாமா, ரயில்வே கேட்டு தொறக்கோணும். வந்துருவாங்க கண்ணு, பயப்படாத.”

“எண்ணெய் காஞ்சிட்டிருக்குதுங்க! அது கேட்டுக்காகக் காத்திருக்குமா?” என்று அவர்மேல் பாய்ந்தாள்.

அப்போதுதான் எதிர் ஜன்னல் ஞாபகம் வந்தது. டி பிளாக்கில் நேர் எதிரே இருப்பவள் ஷமீனா. ஜன்னலுக்கு ஜன்னல் கையசைப்பதோடு சரி, வீட்டுக்குப் போனதில்லை. அங்கிருந்து பார்த்தால் உள்ளே நடப்பதாவது தெரியும்.

“அண்ணா, கதவு தொறந்தா பையனப் புடிங்க” என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். டி பிளாக்குக்குள் நுழைந்து ஏறி, பச்சைக் கதவைப் படபடவென்று அறைந்தாள். திறந்தவள் யாரோ இந்திக்காரப் பெண். ஒரு மாடி குறைவாக ஏறியிருக்கிறாள். எல்லா மாடிக்கும் ஒரே முகத்தை வைத்தவனை வாய்விட்டுச் சபித்துக்கொண்டே மறுபடி ஏறினாள்.

ஷமீனா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். “லட்சுமிக்கா, ஒங்க ஊட்டு ஜன்னல்ல பொகை வருதே, இப்பத்தான் பாத்தேன்...”

செல்வலட்சுமி நேரே சமையலறைக்குள் ஓடினாள். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அவளுடைய வீடே தெரிந்தது. ஜன்னலடியில் அடுப்பு, அதற்குப் பின்னால் சமையலறை வாசல், ஹால், கடைசியில் பச்சைக் கதவு, எல்லாம் ஒரே கோட்டில். வாணலியிலிருந்து கருத்த புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஹாலில் அஜய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

கத்திப் பயனில்லை. வெயில் சி பிளாக் மொட்டை மாடிக்கு மேலாக வந்து ஷமீனாவின் ஜன்னலில் விழுந்தது. செல்வலட்சுமி அங்கிருந்த சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். வெளிச்சம் எதிர்ச் சுவரில் தடுமாறி, கம்பிக்குள் நுழைந்து, பையனுக்கு முன்னாலிருந்த சுவரில் போய் ஆடியது. அவன் லாரியை விட்டான். வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டினான். பிறகு அது எங்கிருந்து வருகிறதென்று திரும்பிப் பார்த்தான்.

அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எழுந்து ஜன்னலை நோக்கி இரண்டு எட்டு வைத்தான்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. ஜன்னலுக்கு வருவதென்றால் அடுப்புக்கு வருவது. இரண்டு கையையும் நீட்டி ‘நில்’ என்றாள். அது அவர்கள் வீட்டுச் சைகை. நின்றான். பின்னால் இருக்கும் கதவைக் காட்டி, குமிழைத் திருகுவதுபோலக் கையைத் திருகினாள். அஜய் கதவைத் திரும்பிப் பார்த்தான். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, தன் வலக்கையில் இடக்கையால் தானே ஓர் அடி போட்டுக் காண்பித்தான். அதைத் தொட்டால் அடி விழும், எனக்குத் தெரியும் என்கிறான்.

“ஐயோ, தொடுறா கண்ணு, அம்மா அடிக்க மாட்டேன்!” கேட்காதவனிடம் கதறினாள்.

வாணலியின் விளிம்பில் நீலமாக ஒரு தீ நாக்கு எட்டிப் பார்த்து அடங்கியது. இனிச் சைகைக்கு நேரமில்லை. நடந்துதான் காட்ட வேண்டும். இந்த வீடும் அதே வீடுதான், இந்தக் கதவும் அதே கதவுதான். தான் போய்த் திறந்தால் அவனும் பார்த்துச் செய்யலாம். ஆனால் அதற்கு அவள் அவனுக்கு முதுகைக் காட்டியாக வேண்டும். அம்மா முதுகைக் காட்டினால் பின்னாலேயே ஓடிவந்து முந்தானையைப் பிடிக்கிற பிள்ளை அவன். பின்னாலேயே ஓடிவந்தால் நேரே தீக்குள் வருவான்.

“ஷமீனா, நீ பாத்துட்டு இரு. என்ன நடந்தாலும் என்னைக் கூப்படாத. நான் திரும்பிப் பாத்தா அவன் ஜன்னலுக்கு வந்துருவான்.”

ஷமீனா தலைத் துணியை வாயில் பொத்திக்கொண்டு ஜன்னலோரமாக ஒதுங்கினாள். செல்வலட்சுமி கடைசியாக ஒருதரம் மகனைப் பார்த்தாள். சிரித்தாள், எப்படிச் சிரிக்க முடிந்ததோ. பிறகு சட்டென்று திரும்பி நடந்தாள்.

ஓடவில்லை. ஓடினால் விளையாட்டென்று நினைப்பான். அடுப்படி வாசலைத் தாண்டினாள். பாயைத் தாண்டினாள். பின்னால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் இந்த வீடு வரைக்கும் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். ஜன்மத்தில் சொல்லாத வார்த்தையை வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது: செய்வான், எம்பையன் செய்வான். ஷமீனாவின் கதவைச் சாத்தினாள். அவனுக்குத் தெரியும்படி கையை உயரத் தூக்கிக் குமிழைத் திருகி, திறந்து, வெளியே போய் நின்றாள்.

காற்று மட்டும்தான் கேட்டது. உள்ளே ஷமீனாவிடமிருந்து சத்தமே இல்லை. நடைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் ஆகாதே, இதற்குள் திறந்திருக்க வேண்டுமே, வந்துவிட்டானா, ஜன்னலுக்கே வந்துவிட்டானா?

“அக்கா! தொறந்துட்டாங்கா! தொறந்துட்டான்!”

அதற்குமேல் எப்படி இறங்கினாள், எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் போய்ச் சேரும்போது குப்பண்ணன் சிலிண்டரை மூடி, ஈரச் சாக்கை வாணலிமேல் போட்டிருந்தார். ஜன்னல் சட்டம் கரியாகிக் கிடந்தது. வாசலில் யாரோ ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து திமிறிக்கொண்டிருந்த அஜய், அம்மாவைக் கண்டதும் தாவிவந்து அவள் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினான். அப்படியொரு கோபம்.

பிறகு கைகளால் பேசினான். நீ உள்ளே இருந்தாய். இந்தக் கதவைத் திறந்து வெளியே போனாய். நான் ஓடிவந்து திறந்தேன். நீ இல்லை. எங்கே போனாய்?

செல்வலட்சுமிக்கு மெல்லத்தான் விளங்கியது. அவன் பார்த்துச் செய்யவில்லை. எதைச் செய்துவிடுவானோ என்று நடுங்கினாளோ அதைத்தான் செய்திருக்கிறான்: அம்மாவைத் துரத்தி ஓடியிருக்கிறான். அவனுக்கு அங்கே இரண்டு வீடு இல்லை. அம்மா எந்தக் கதவு வழியாகப் போனாளோ அந்தக் கதவுக்கு, அடியையும் மறந்து, ஓடினான்.

அவன் இன்னும் அடங்கவில்லை. திறந்த கதவு வழியாக நேரே கைநீட்டினான். கரிந்த ஜன்னலுக்கு அப்பால், தன் சமையலறையில் ஷமீனா அழுதுகொண்டே கையசைத்துக்கொண்டிருந்தாள். அவளைக் காட்டி, புருவத்தை நெரித்து, மகன் கேட்டான்: நம்ம வீட்டுக்குள்ளே அது யார்?

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு அவனை இறுக்கிக்கொண்டு அந்த நடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.