ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாழ்ந்து முடித்தவர்

நகராட்சி ஆவணப் பிரிவில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற அத்தான், தன் வாழ்க்கை எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் கிடக்கக் கூடாது என்று திடீரென முடிவு செய்தார். இணையச் சேமிப்பில் இருந்த முப்பத்தோராயிரம் புகைப்படங்களையும் நாற்பது ஜிப் மூட்டைகளாக இறக்கினார். பிரித்து அடுக்கினார். அடுக்கிய கையோடு இணையக் கணக்கையும் மூடினார். அதற்கப்புறம்தான் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் பழுதுபார்த்துப் பிழைக்கும் தம்பிக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வீடு எரிந்து சாம்பலான பிறகு வாளியைத் தேடுவதற்குப் பெயர்தான் நிர்வாகம் என்பது அவனுடைய அனுபவம்.

"வா மாப்ள. வேலை எல்லாம் நானே முடிச்சிட்டேன். நீ சும்மா ஒரு பார்வை பாத்தா போதும்."

தம்பி பார்த்தான். கல்யாணம், பிள்ளைகள் பிறந்தது, பதவி உயர்வு, மூலநோய் அறுவைக்குப் பின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடுத்துக்கொண்ட வீரப்படம், எல்லாமே, கோப்புகளின் தேதிப்படி, அவற்றை இறக்கிப் பிரித்த போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்துக்கு நடந்திருந்தன. கோப்புகளின் பெயர்களையும் அத்தான் விட்டுவைக்கவில்லை. 'து.இ._00001' தொடங்கி வரிசையாக, துணை இயக்குநரின் மகிமை முப்பத்தோராயிரம் வரை நீண்டது.

"அத்தான், ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்துலயும் அதே பேர்ல ஒரு குட்டிக் கோப்பு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. துண்டுச் சீட்டு மாதிரி. தொறந்தா ஒரே கிறுக்கல். கழிவுன்னு குறிச்சு மொத்தமா அழிச்சு, மேல துடைக்கிற சாஃப்ட்வேரும் போட்டுட்டேன். முப்பது வருஷம் கோப்பு கழிச்ச கைடா இது."

"படம் எடுத்த தேதி அதுலதான் இருந்துச்சு."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குற்றம் கண்ணாடியுடையது என்பதுபோல.

சில படங்களுக்கு உள்ளேயே தேதி பதிந்திருக்கும். அவற்றைத் தம்பி ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். போனில் பிறர் அனுப்பியவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவை அநாதைகள்.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். "டேய், அந்தச் சுவர் படம் கெடச்சுதா?"

அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பக்கத்து மனையில் மாடி கட்டுகிறவன் போன வருஷம் ஆகஸ்டில் அஸ்திவாரம் தோண்டினான். இவர்கள் படுக்கையறைச் சுவர் உச்சியிலிருந்து தரைவரை பிளந்தது. கேட்டால், விரிசல் பழையது என்கிறான். நாளை காலை நகராட்சிப் பொறியாளர் முன் விசாரணை. ஆகஸ்டுக்கு முன் சுவர் முழுசாக இருந்ததற்குத் தேதியோடு சான்று வேண்டும். இல்லையென்றால், விரல் நுழையும் அந்தப் பிளவுக்குக் கீழேதான் அவள் தினமும் படுக்க வேண்டும்.

படம் கிடைத்தது. அந்தச் சுவர் முன்னால் அத்தான் ஒரு கேடயத்தோடு நின்றார். நிர்வாகத் திறமைக்குக் கிடைத்த கேடயம் என்று உறவில் காது உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். இப்போது உயிரோடு இல்லாத தன் பழைய போனில் அக்கா எடுத்து அவருக்கு அனுப்பியது. தேதி? போன ஞாயிறு, நாலு பத்து.

"கேடயத்துல தேதி பொறிச்சிருப்பாங்களே," என்றான் தம்பி. பெரிதாக்கினான். எழுத்துகள் மேல் அத்தானின் கட்டைவிரல் அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கேடயமே இருக்குமே, எடுத்துட்டு வாங்களேன்," என்றாள் அக்கா.

"அது... ஆபீஸ்லயே இருக்கட்டும்னு குடுத்துட்டேன்."

"எதுக்கு? அங்க யாரு கும்பிடப் போறா?"

தம்பி அடுத்த படத்தைத் திறந்தான். அன்று ஒன்பது முறை எடுத்திருந்தாள் அக்கா. முதல் எட்டிலும் அதே விரல், அதே இடம்.

"ஒரே படம் ஒம்போது தடவை. போதும் மாப்ள, மிச்சத்த அழிச்சிரு," என்றார் அத்தான், அவசரமாக.

ஒன்பதாவதில் தும்மல் வந்திருக்க வேண்டும். முகம் கோணியிருந்தது, விரல் நழுவியிருந்தது. அக்கா குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"பணியாளர் விளையாட்டு நாள். இசை நாற்காலி. ஆறுதல் பரிசு. பன்னிரண்டு, ஜூலை, போன வருஷம்." நிமிர்ந்தாள். "ஏங்க, ஆறுதல் பரிசுக்குமா கேடயம் குடுத்தாங்க?"

"ஓடுன எல்லாருக்கும்," என்றார் அத்தான், தரையைப் பார்த்து.

தம்பி சிரிப்பை அடக்க இருமினான். அடங்கவில்லை.

"மாப்ள, தேதி மட்டும் தெரியற மாதிரி மேல் மூணு வரிய அழிச்சிரலாம்ல? நீதான் கெட்டிக்காரனாச்சே."

"அழிச்ச படத்த ஆதாரமா வச்சா, நாளைக்கு பக்கத்து மனை மேஸ்திரியே சிரிப்பான் அத்தான்."

"நாளைக்கு அங்க என் பழைய ஆபீஸ் ஆளுங்கள்லாம் இருப்பாங்கடா!"

அக்கா படத்தை மறுபடி பார்த்தாள். கேடயத்தையல்ல, அதன் பின்னால், கீறல் ஒன்றுகூட இல்லாமல் வழவழவென்று நின்ற சுவரை.

"பெரிசா பிரிண்ட் போடுடா," என்றாள். "மூணு காப்பி. சுவர் முழுசா வரணும். இவர் மூஞ்சி ஓரத்துல வெட்டுப்பட்டாலும் பரவாயில்ல."