நீலத் துளை

ரீஸ்டார்ட் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். டயர் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆனால் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் கூப்பிடாமலே போய் நின்று, "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். சரியானால் பெருமை அவருக்கு, ஆகாவிட்டால் குற்றம் மெஷினுக்கு. அந்தப் பெயரில் இருந்த கேலி அவருக்கு மட்டும் உறைக்கவில்லை. பாசத்தில் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு மனைவியின் தம்பி எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்து நின்றால் கேட்கவா வேண்டும்? மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அந்த மைத்துனனுக்கு ஒரு ஓட்டல் இசைக்குழுவில் இடம் கிடைக்கும்போல இருந்தது. வாசிப்பைப் பதிவு செய்து அன்று சாயங்காலத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தவறினால் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

"போன்ல பண்ணா ஒரே இரைச்சல் அத்தான். நேரா கம்ப்யூட்டர்ல குடுத்தா சுத்தமா வரும்னாங்க."

"சொன்னவனுக்கு சவுண்டு கார்டுன்னா என்னன்னு தெரியுமா? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுவானுங்க. தள்ளு."

ரீஸ்டார்ட் மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனார். கம்ப்யூட்டரின் முதுகில் மூன்று துளைகள் இருந்தன, ரோஸ், நீலம், பச்சை. கிட்டார் வயரின் பிளக்கோ விரல் தடிமன். "இதை மாட்டைக் கட்டுறதுக்கா செஞ்சான்?" என்று அடியிலிருந்தே நக்கலடித்தார். மைத்துனன் கொண்டு வந்திருந்த சின்ன அடாப்டரை மாட்டி, கைக்கு எட்டிய நீலத் துளையில் செருகினார். அந்தத் தடவை அவர் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

எழுந்து வந்து பதிவை ஆரம்பித்தார். "பாரு, ஸ்க்ரீன்ல பச்சைக் கோடு எப்படித் துள்ளுது. வேலைன்னா இது. ஆமா, ஆறு கம்பியை வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் பிழைக்க முடியுமா? எனக்குப் புரியல."

"இடம் கிடைச்சா தெரியும் அத்தான்."

"சரி சரி, வாசி. நான் ஒரு போன் பேசிட்டு வரேன். வர்ற வரைக்கும் எதையும் தொடாத."

திரும்பி வந்தபோது மைத்துனன் வாசித்து முடித்திருந்தான். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றிருந்தாள். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இருவரையும் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, முதலில் கேட்கும் உரிமை தனக்குத்தான் என்ற தோரணையில் ஹெட்போனை மாட்டினார்.

முதலில் வந்தது அவர் குரலேதான். ஆறு கம்பி, ஒரு மனுசன், பிழைப்பு, எல்லாம் கணீரென்று கேட்டது. பிறகு கிட்டார், யாரோ சீப்பின் பல்லைச் சுரண்டுவதுபோல டொக் டொக்கென்று. கம்ப்யூட்டர் நீலத் துளையைச் சீந்தவே இல்லை. ஆபீஸ் மீட்டிங்குக்காக அவரே மானிட்டர் மேல் ஒட்டவைத்திருந்த கேமராவின் மைக்கில் அறையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கோடு துள்ளியது அவருடைய வாய்க்கு.

நிறுத்தப் போன கை, மனைவியின் குரல் வந்ததும் நின்றது.

"முடிச்சிட்டியா?"

"அக்கா, அத்தான் பேசுனப்பதான் அந்தக் கோடு ஆடுச்சு. நான் வாசிச்சப்ப அசையவே இல்ல. சொல்லிடவா?"

"வேணாம்டா. சொன்னா பொழுது சாயுற வரைக்கும் விளக்கம் குடுப்பாரு. அவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது."

"அப்புறம் ஏன் நீ எதுக்கெடுத்தாலும் சரிங்க சரிங்கன்னு தலையாட்டுற?"

"கொழந்த எதையோ கிறுக்கிட்டு வந்து யானைன்னா நீ என்ன சொல்லுவ? வாஷிங் மெஷினைக் கழட்டிப் போட்டாரே, அவர் ஆபீஸ் போனதும் ஆளை வரவெச்சு சரி பண்ணேன். சாயங்காலம் வந்து ஓட்டிப் பார்த்துட்டு, எப்படி நம்ம கை வேலைன்னாரு. சரிங்கன்னேன். வீடு நிம்மதியா இருக்குல்ல."

தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். அவர் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

ரீஸ்டார்ட் ஹெட்போனைக் கழற்றினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் 'சரிங்க'வைப் பாராட்டுப் பத்திரம்போல வாங்கி வாங்கி அடுக்கியிருந்தார். கிட்டார் ஓட்டை என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று தோன்றியது. வாய்ப்பு போனால் அவனுக்குத்தானே போகும்? ஆனால் போனால் அவள் சொன்னது உறுதியாகிவிடுமே. ஆகவே, நல்ல மனசினால் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம், பதிவு எதிலிருந்து என்ற இடத்தில் மைக் என்று இருந்ததை லைன் இன், அதாவது அந்த நீலத் துளை, என்று மாற்றினார். வேலை அவ்வளவுதான். பழைய பதிவை அழித்தார். இருவரையும் கூப்பிட்டார்.

"கிட்டார்ல கோளாறு. நான் இங்கேயே சரி பண்ணிட்டேன். இன்னொரு தடவை வாசி."

மைத்துனன் வாசித்தான். இப்போது கோடு கிட்டாருக்குத் துள்ளியது. கேட்டுப் பார்த்தபோது கம்பி ஒவ்வொன்றும் தெளிவாகப் பேசியது. அவன் அங்கேயே உட்கார்ந்து அனுப்பியும் விட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நன்றி அத்தான். ஆமா, முதல்ல எடுத்தது என்ன ஆச்சு?"

"அழிச்சிட்டேன். அதுல ஒண்ணும் பதிவாகல."

டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். கேமராவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"சரிங்க" என்றாள்.