மரியாதைக்குக் கொண்டுபோன காபி

நகரசபை எனக்குத் தர வேண்டியது நாற்பத்தாறாயிரத்து முந்நூறு தினார். கலாச்சார மன்றத்துக்கு முன்னால் நடைபாதைக் கல் பதித்த கூலி. வசந்தத்தில் முடித்த வேலை. அதன் பிறகு பிளம் பழுத்து, ஊரெல்லாம் அதில் சாராயமும் காய்ச்சியாகிவிட்டது. கூலி மட்டும் வரவில்லை.

பொதுப்பணிப் பிரிவுத் தலைவர் மிலோய்கோ பில்லில் கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்: நான் அவர் அறைக்கு அரைக் கிலோ காபித்தூளோடு போய் நிற்கவில்லை. ஒடிந்தது என் முதுகு, இதில் அவருக்கு எதற்குக் காபி என்று இருந்துவிட்டேன். இப்போது பனி விழப்போகிறது, வீட்டில் விறகு இல்லை.

அந்த நேரத்தில்தான் தலைநகர் பெல்கிரேடிலிருந்து உத்தரவு வந்து எங்கள் ஊரிலும் ஊழல் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். தலைவி, இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற போர்கா டீச்சர். பரீட்சைக்கு முந்தின நாள் ரோஜா நீட்டிய பெண்ணை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். குழுவுக்குக் கொடுத்த அறை, மிலோய்கோவின் அறைக்கு நேர் எதிரே.

முதல் நாளே பில்லை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி தேசாங்கா மறித்தாள்.

"வெறுங்கையோடவா போற?"

"அது லஞ்சத்தப் பிடிக்கிற எடம்டி."

"இருக்கட்டுமே. புது எடத்துக்கு யாராவது வெறுங்கையோட போவாங்களா? இது மரியாதை. லஞ்சம்னா கவர்ல இருக்கும்."

காபிப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

போய்ப் பார்த்தால் நடை நிறைய ஆட்கள். எல்லார் கையிலும் பை. ஒருவர் பையில் பாட்டில், ஒருத்தி பையில் பாலாடைக்கட்டி, ஒருவர் கக்கத்தில் உயிருள்ள சேவல். போர்கா டீச்சர் வெளியே வந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்னப்பா இது, கல்யாண வீடா?"

"சும்மா மரியாதைக்கு டீச்சர்," என்றார் சேவல்காரர்.

"உங்க மரியாதைய வீட்டுக்குக் கொண்டுபோங்க. எல்லாத்தையும்."

"என் பொட்டலம் கிழிஞ்சிருச்சு டீச்சர்," என்றேன். "தூக்கினா கொட்டும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எல்லாருக்குமாப் போட்டுடுங்க. பொதுவுல குடிச்சா யாரும் வாங்கினதா ஆகாது."

மின்அடுப்பில் காபி பொங்கியது. வாசனை எதிர் அறைக்குள் போயிற்று. மிலோய்கோ தானாகவே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு கோப்பையை எடுத்து, கண்ணை மூடிக் குடித்தார்.

"பிரமாதம். யார் கொண்டுவந்தது?"

"நான்தான்."

"ராதிசாவா? கடைசியா ஒனக்கும் வழி தெரிஞ்சிருச்சு. கொண்டா அந்த பில்ல."

கோப்பையைக் கீழே வைக்காமலே கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "மிலோய்கோ, இத்தன மாசமாப் போடாத கையெழுத்த இன்னிக்கு ஏன் போட்ட?"

"என்ன டீச்சர், இப்படிக் கேக்கிறீங்க? அவன் காபியக் குடிச்சேன்ல. குடிச்சிட்டும் செய்யலன்னா நான் என்ன மனுஷன்?"

சேவல் ஒருமுறை கூவியது. டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"இன்னொரு தடவ சொல்லு. எழுதிக்கிறேன்."

டீச்சர் எழுத வசதியாக மிலோய்கோ நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தன் நல்ல குணம் பதிவாவதில் அவருக்கு மகிழ்ச்சிதான். எழுதி முடித்ததும் டீச்சர் என் பக்கம் கை நீட்டினார்.

"பில்லக் குடுங்க. சாட்சியம். விசாரணை முடியிற வரைக்கும் இங்கதான் இருக்கணும்."

"எப்ப முடியும்?"

"ஒரு வருஷம் ஆகலாம்."

நான் பில்லை விடவில்லை. "டீச்சர், அவரப் பிடிங்க, நல்லா பிடிங்க. ஆனா வீட்டுல விறகு இல்ல. மொதல்ல காசாளர்கிட்டப் போயிட்டு வந்துடறேன்."

"காபி குடுத்தவர் பேரும் இதுல வரும், தெரியும்ல?"

"எழுதிக்கோங்க. அபராதம் போட்டாலும் கட்டறேன். கட்டறதுக்கும் காசு வேணுமே."

யாரோ சிரித்தார்கள். டீச்சரின் வாயோரமும் லேசாக அசைந்தது. "சரி, ஒரு நகல் இருந்தா போதும். மெஷின் எங்க இருக்கு?"

"என் ரூம்ல," என்று மிலோய்கோ எழுந்தார். "குடுங்க, நானே எடுத்துட்டு வரேன்." கையெழுத்து நன்றாக விழும்படி இரண்டு நகல் எடுத்துவந்து கொடுத்தார். அப்போதும் அவருக்கு விளங்கவில்லை.

பில்லோடு கீழே இறங்கினேன். காசாளர் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துத் திறந்தாள். நோட்டுகளை இருமுறை எண்ணித் தள்ளிவிட்டு, பில்லில் முத்திரை குத்தினாள்.

"நாற்பத்தாறாயிரத்து முந்நூறு. பாக்கி ஒண்ணுமில்ல, மேஸ்திரி."