நிமிர்ந்து நின்ற பெயர்ப்பலகை

1

இந்தக் கதை ஒரு வெள்ளைக் கயிற்றில் தொடங்குகிறது. மாநாட்டு மேசைமேல் நாடுகளின் பெயர்ப்பலகைகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக, நாங்கள் இரண்டு பேர் இரண்டு முனையிலும் நின்று இழுத்துப் பிடிக்கும் கயிறு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதற்கு முன் எழுதிக் கிழித்த தொடக்கங்களில் அந்தக் கயிற்றை ஒளித்து வைத்திருந்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "அடிஸ் அபாபாவில் அன்று காலை மண்டப வாசலில் கொடிகளெல்லாம் ஒரே பக்கமாகப் பறந்துகொண்டிருந்தன, அதைப் பார்த்தவர்கள்—"

கொடிகளைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நிறுத்தினேன்.

இரண்டாவது: "கிஸாவ் என்று ஒரு மண்டபத் தொழிலாளி. அவனுடைய மகன் அமைதிப்படையில்—"

இது கோழைத்தனம். கிஸாவ் எங்கள் மேற்பார்வையாளன். அவனுக்கு இரண்டும் பெண். மகனைப் படைக்கு அனுப்பியவன் நான். என் பெயர் தெமிஸ்ஸே. இருபத்திரண்டு வருஷமாக அந்த மண்டபத்தில் நாற்காலி தூக்குகிறேன், மேசை நகர்த்துகிறேன், தண்ணீர் பாட்டில் வைக்கிறேன், பலகை துடைக்கிறேன்.

[நாடுகளின் பெயரை இதில் எழுத மாட்டேன். நாற்பத்து மூன்றாம் வயதில் எங்கள் பேட்டை அலுவலகத்து மாலை வகுப்பில் எங்கள் எழுத்தைக் கற்றேன். வெளிநாட்டு எழுத்தை அந்தப் பலகைகளைத் துடைக்கத் துடைக்கக் கற்றேன். எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அந்த மேசையில் எல்லா நாடும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது வசதியோ அது.]

2

என் மகன் முலுகேன் பக்கத்து நாட்டில், அமைதிப்படையின் முகாம் ஒன்றில் இருந்தான். ஓர் ஆற்றுப் பாலத்தைக் காவல் காக்கிற சின்ன முகாம். நாற்பது பேர். பிப்ரவரியை ஒட்டி வரும் எங்கள் யெகாத்தித் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"அப்பா, மழை ஆரம்பிச்சா பாலம் முழுகிடும். அப்புறம் நாங்க நடு ஆத்துல நிக்கற மாதிரிதான். லாரி வராது, குடிதண்ணி வராது."

"மேலதிகாரிகிட்ட சொன்னீங்களாடா?"

"சொல்லாம? மழைக்கு முன்னாடி சின்ன முகாமையெல்லாம் எடுத்துடறதா பேச்சு. ஆனா அடிஸ்ல முடிவாகணுமாம். பெரிய மண்டபத்துல."

"ம்."

"நீங்கதானே அங்க இருக்கீங்க. கொஞ்சம் சீக்கிரம் பேசச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவி யெஷி, "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "பேசச் சொல்றான்" என்றேன். "அப்ப பேசு" என்றாள். அவளுக்கு எதுவுமே சிக்கல் இல்லை.

[இந்த இடத்தில் முலுகேனின் முகத்தை வருணிக்க வேண்டும். நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அது வேறு யாரோ ஒரு பையனின் முகமாக வந்தது. அவனுக்குக் காது கொஞ்சம் பெரியது. அது போதும்.]

3

நான்கு நாள் பேச்சுவார்த்தை. நாற்பத்தொன்றாம் பத்தியில் இருந்த ஒரே ஒரு வரிக்காக.

வரியின் முதல் வடிவம்: சிறு முகாம்கள் மெகாபித் மாதம் (யெகாத்தித்துக்கு அடுத்தது) முடிவதற்குள் திரும்பப் பெறப்படும். ஹெலிகாப்டரும் லாரியும் தர வேண்டிய நாடுகள், தேதி வேண்டாம் என்றன. தேதி போட்டால் தந்தாக வேண்டும். ஆள் அனுப்பியிருந்த நாடுகளுக்குத் தேதி வேண்டும். ஆனால் ஹெலிகாப்டர் தருகிறவர்களைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். அந்த மேசையில் ஓட்டெடுப்பு கிடையாது. யாரும் எதிர்க்கவில்லை என்றால் எல்லாரும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். ஆகவே எவருக்கும் எதிர்க்கத் தோன்றாத சொற்களாகத் தேடினார்கள். மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். மெகாபித் மாதத்தை எடுத்துவிட்டு "உரிய காலத்தில்" என்று போட்டார்கள்.

காப்பி மேசை அஸ்னகெச்சினுடையது. நோன்புக் காலம், நாங்கள் பாலில்லாமல் குடித்துக்கொண்டிருந்தோம்.

"காஷே, ஒரே ஒரு வரிக்கு மூணு மூட்டை காப்பிக்கொட்டை வறுத்திருக்கேன்" என்றாள் அஸ்னகெச். எங்களூரில் வயதில் மூத்த ஆண்பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "இவங்க ஒரு முழுப் பக்கம் பேசி முடிக்கணும்னா நம்ம நாட்டுக் காப்பிச் செடியெல்லாம் மொட்டையாயிடும்."

அப்போது அங்கே வந்தவர்தான் மமெல்லோ அம்மாள். தெற்கே ஒரு சின்ன மலைநாட்டின் பிரதிநிதி. ஏழாவது பலகை. மண்டபத்திலேயே தேதி வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள்.

அஸ்னகெச் வாயாடி. "உங்க ஊர்ப் பசங்க யாரும் அங்க இல்லையே மேடம். உங்களுக்கென்ன வந்தது?"

"இல்லாததாலதான்மா வாயைத் திறக்க முடியுது. இருக்கறவங்க வாயில எல்லாம் எதையாவது திணிச்சு வெச்சிருக்காங்க."

"இவர் பையன் அங்க இருக்கான்" என்று என்னைக் காட்டினாள். நான் அவளை முறைத்தேன். பிரதிநிதிகளிடம் சொந்தக் கதை பேசக்கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி.

மமெல்லோ அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த முகாம்?"

"பாலத்து முகாம், அம்மா."

"தேதி இல்லாம நான் விடறதா இல்லை" என்றார். கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்துவிட்டுப் போனார்.

[இவரை நான் நல்லவராகவே எழுதிக்கொண்டு போகிறேனே என்று சந்தேகம் வருகிறது. பதினோரு வருஷம் அந்த மேசையில் இருந்தவர். நூறு முறையாவது பேசாமல் இருந்திருப்பார். நான் பார்த்த வாரத்தில் பேச நினைத்தார். அதற்குமேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது.]

4

இப்போது கயிறு.

பேச விரும்புகிறவர் தன் பெயர்ப்பலகையைச் செங்குத்தாக நிமிர்த்தி வைப்பார். மற்ற நேரத்தில் அது நீளவாக்கில் படுத்திருக்கும். அவைத்தலைவர் நிமிர்ந்தவற்றை மட்டும் பார்த்துப் பேச அழைப்பார். எதுவும் நிமிரவில்லை என்றால் சுத்தியலைத் தட்டுவார். இடைவேளை விட்டதும் நாங்கள் உள்ளே போய்க் குப்பை எடுத்து, பாட்டில் மாற்றி, கயிறு பிடித்துப் பலகைகளை நேராக்குவோம். நிமிர்த்திவிட்டு மறந்து போனவற்றைப் படுக்க வைப்போம். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

நான்காம் நாள், கடைசி அமர்வுக்கு முந்தைய இடைவேளை. மூன்றாவது தொடக்கத்தில் இந்த இடத்தை இப்படி எழுதியிருந்தேன்: "சன்னல் வழியே காற்று வீசியது, ஏழாவது பலகை மெல்ல ஆடி—"

அந்த மண்டபத்தில் சன்னல்கள் திறப்பதில்லை.

நடந்தது இது. ஒரு முனையில் கிஸாவ், மறு முனையில் நான்.

"காஷே, கயிறு தட்டுது."

"எங்கடா?"

"உங்க பக்கம். ஏழாவது. நட்டுக்கிட்டு நிக்குது பாருங்க. மறந்துட்டுப் போயிருக்காங்க."

"ஆமா."

"படிச்சவங்க. அம்மா அப்பா பேரு ஞாபகம் இருக்கறதே பெரிசு."

நான் கயிற்றை விட்டுவிட்டுப் போய், ஏழாவது பலகையை எடுத்து, துணியால் துடைத்து, படுக்க வைத்தேன். துடைத்தேன் என்பதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நன்றாகத் துடைத்தேன்.

அது மறதி அல்ல. முழு விவரம் பிறகு தெரிந்தது. இடைவேளை அறிவிக்கும் நேரத்தில்தான் மமெல்லோ அம்மாள் அதை நிமிர்த்தியிருக்கிறார். திரும்பி வந்ததும் முதல் பேச்சு உங்களுடையது என்று அவைத்தலைவர் தலையசைத்திருக்கிறார். இடம் போகாமல் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசப் போயிருக்கிறார்.

5

அமர்வு தொடங்கியது. மமெல்லோ அம்மாள் கொஞ்சம் தாமதமாக வந்தார். நான் சுவரோரம் நின்றேன். உட்காரப் போனவர் பலகையைப் பார்த்தார். உட்காரவில்லை. படுத்திருந்த பலகையை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல— (வேண்டாம். பலகையைப் பலகையாகத்தான் பார்த்தார்.) தலையைத் தூக்கி, எதிர்ப்பக்கம் ஹெலிகாப்டர் தருகிறவர்கள் இருந்த வரிசையைப் பார்த்தார். அங்கே ஒருவர் தன் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மமெல்லோ அம்மாள் மெதுவாக உட்கார்ந்தார்.

அந்த மண்டபத்தில் யாரும் யாரையும் வாயால் மிரட்டுவதில்லை. விருந்தில் நாற்காலி இரண்டு இடம் தள்ளிப் போடப்பட்டிருக்கும். வரவேற்பில் ஒரு கை குலுக்கப்படாமல் விடப்படும். அதைப் புரிந்துகொள்வதுதான் அவர்கள் படிப்பு. தொழிலாளி ஒருவன் தூசி துடைத்திருப்பான் என்று நினைக்க அந்தப் படிப்பில் இடமில்லை.

என் துடைப்பை அவர் மிரட்டலாக எடுத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான்கு எட்டு வைத்தால் அவருடைய நாற்காலி. குனிந்து, "அம்மா, அதை நான்தான் படுக்க வெச்சேன்" என்று சொன்னால் போதும்.

"நிமிர்ந்த பலகை எதுவும் இல்லை" என்றார் அவைத்தலைவர். அவர் தன் தலையசைப்பை மறந்துவிட்டாரா, படுத்திருந்த பலகை அவருக்கு வசதியாகப் போயிற்றா, தெரியாது. "பத்தி நாற்பத்தொன்று, உரிய காலத்தில் என்ற திருத்தத்துடன். ஆட்சேபம் உண்டா?"

அதற்கும் சுத்தியலுக்கும் நடுவே நாற்பது விநாடி. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே.

முதல் வடிவத்தில் நான் நடந்து போகிறேன். காவலர்கள் பிடித்து இழுக்கிறார்கள். அதற்குள் சொல்லிவிடுகிறேன். மமெல்லோ அம்மாள் பலகையை நிமிர்த்துகிறார். இதை எழுதியபோது என் கை சூடாக இருந்தது. மறுநாள் படித்தேன். கிழித்தேன்.

இரண்டாவது வடிவத்தில் நான் நகரவில்லை. எங்களுக்கு இன்னொரு விதி: அமர்வு நடக்கும்போது தொழிலாளி சுவர். இருபத்திரண்டு வருஷம் சுவராக இருந்தவனுக்குக் கால் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோகும். ஆனால் அது முழு உண்மையில்லை. நான் நினைத்தது: அவருக்குக் கை இருக்கிறது, அவர் பலகை அது, அவரே நிமிர்த்திக்கொள்வார். அவர் நினைத்தது: தனக்கு மேலே யாரோ பேசி முடித்துவிட்டார்கள். ஆள் அனுப்பிய நாடுகள் நினைத்தது: மமெல்லோ இருக்கிறாரே, அவர் சொல்லுவார். அந்த அறையில் பாதிப் பேருக்குமேல் தேதி வேண்டும். எல்லாரும் அடுத்தவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுத்தியல் விழுந்தது. கை தட்டினார்கள். ஒருமித்த முடிவு எட்டப்பட்டால் கை தட்டுவது வழக்கம்.

6

காப்பி மேசையில் மமெல்லோ அம்மாள் அஸ்னகெச்சிடம் சொன்னதை, நாற்காலி அடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"என்ன மேடம், தேதி போட்டாச்சா?"

"உட்காருன்னு சொல்லிட்டாங்கம்மா."

"யாரு?"

"இந்த மண்டபத்துல யாருன்னு கேக்கக் கூடாது." என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்க. அடுத்த அமர்வுல பாக்கலாம்."

நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

(சொல்லவில்லை. மேலே உள்ள வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது அது எழுதப்பட்டதாக இருக்கட்டும்.)

நான் சொன்னது: "பரவாயில்லை, அம்மா." என்னிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே பிரதிநிதி அவர்தான். அந்த மன்னிப்பை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

7

மழை மெகாபித்துக்கு அடுத்த மியாஸ்யா மாதத்திலேயே வந்தது. பாலம் முழுகியது. முலுகேன் சொன்னபடி லாரி வரவில்லை, தண்ணீர் வரவில்லை. பதினாறாம் நாள் அந்த நாட்டுக் கிளர்ச்சிக்காரர்கள் முகாமைச் சுற்றி வளைத்தார்கள். நாற்பது பேரில் பதினொருவர் ஆற்றைக் கடந்து திரும்பினார்கள். இறந்தவர்களின் பட்டியலில் என் மகன் இல்லை. திரும்பியவர்களின் பட்டியலிலும் இல்லை.

ஒரு கடிதம் வந்தது. அரசாங்கக் கடிதம் ஒன்றை என் வீட்டில் நானே படித்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் எடுத்துப் போவோம். யெஷி சமையலறை வாசலில் மாவுக் கையோடு நின்றாள்.

"படி."

"தங்கள் மகன் குறித்த விவரம் உரிய காலத்தில் தெரிவிக்கப்படும்."

"உரிய காலம்னா எப்போ?"

"எழுதலை."

"நல்லாப் பாரு. நீதான் படிச்சவனாச்சே."

"பாத்துட்டேன், யெஷி."

"பின்னாடி திருப்பிப் பாரு."

திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

[அந்தச் சொற்கள் பிறந்த மேசைக்குத் தண்ணீர் பாட்டில் வைத்தவன் நான் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் அவள் மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கடிதத்தைத் தானே ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.]

8

முடிவு எழுத வேண்டும். முலுகேன் ஒரு காலை வாசலில் வந்து நிற்பதாக எழுதிப் பார்த்தேன். பையைக் கீழே இறக்குகிறான். "என்னப்பா, பேசச் சொன்னேனே—" என்கிறான். அதற்குமேல் எனக்கு வசனம் வரவில்லை. அவன் வராமலே இருப்பதாக எழுதினால் அது இறந்தவர்களின் பட்டியலில் நானே அவன் பெயரைச் சேர்த்த மாதிரி. செய்ய மாட்டேன்.

பலகை நிமிர்ந்து நின்றிருந்தால் தேதி கிடைத்திருக்குமா? தேதி கிடைத்திருந்தால் லாரி வந்திருக்குமா? ஹெலிகாப்டர் வராததற்கு ஒரு துணித் துடைப்பு காரணமா? கிஸாவிடம் கேட்டால், "காஷே, அவங்க எப்படியும் தந்திருக்க மாட்டாங்க, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்பான். அவன் நல்லவன். இந்தப் பதிலை நானும் நிறைய நாள் சாப்பிட்டேன். வயிறு நிறையவில்லை.

போன மாதம் மண்டபத்தில் பழைய பலகைகளை எல்லாம் மாற்றினார்கள். ஏழாவதை நான் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். இப்போது இந்தத் தாளுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. தூசி படிந்திருக்கிறது. துடைக்கவில்லை.

அதை உங்கள் முன்னால் நகர்த்தி வைக்கிறேன். வரி அப்படியே இருக்கிறது, பாலத்து முகாமில் நாற்பது பேரும் இருக்கிறார்கள், மழை இன்னும் வரவில்லை. ஆட்சேபம் உண்டா என்று அவைத்தலைவர் கேட்டுவிட்டார். நாற்பது விநாடி இருக்கிறது.

நான் சுவரோரம் போய் நின்றுகொள்கிறேன்.