இறக்கத்தில் கழற்றிய தலைப்பாகை

முதல் தடவை பத்துமலை சைக்கிளிலிருந்து விழுந்தபோது தலை மதகுக் கல்லில் மோதியது. கிழிந்தது தலைப்பாகைதான். காம்பார் டவுனிலிருந்து ரப்பர் தோட்டத்துக்குத் தபாலையும் வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு ரொட்டியையும் சைக்கிளில் கொண்டுவருவது அவன் வேலை. அன்று மூக்கும் கன்னமும் தோலுரிந்து, பல்லில் மண்ணோடு கூலிகளின் லயத்து வீட்டுக்கு வந்தான். மனைவி செல்லாயி காயத்தைக் கழுவிவிட்டுத் தலைப்பாகையை விரித்துப் பார்த்தாள். மேல் மடிப்புகள் கல்லில் அறுந்திருந்தன. கடைசி மடிப்பு மட்டும் முழுசாக இருந்தது.

"இந்த ஒரு சுத்துதான் ஒங்க உசிர வச்சிருக்கு" என்றாள்.

பழைய தலையணையைப் பிரித்து, இலவம்பஞ்சை மடிப்புகளுக்கு நடுவே வைத்துத் தைத்தாள். முகத்துக்கு என்ன செய்வது? பிரம்பை வளைத்து, நெற்றிக்கு முன்னால் கூரைபோல நீட்டிக் கட்டினாள். குப்புற விழுந்தால் மூக்குக்கு முன் பிரம்பு தரையில் படும். நழுவாமலிருக்கத் தாடைக்குக் கீழே ஒரு நாடா.

பக்கத்து வீட்டு உடையப்பன் பார்த்துவிட்டான். "என்ன மச்சான், தலையில குருவிக் கூடா? முட்ட வச்சிருச்சா?"

"ஒன் மண்டையில இருக்கிறத விட இதுல பஞ்சு கம்மிதான்" என்றான் பத்துமலை.

செல்லாயிக்குச் சிரிப்பு வரவில்லை. "நாடாவ முடிஞ்சுக்கங்க."

"தொர வந்தா? சைக்கிள விட்டு எறங்கி, தலப்பாவக் கழட்டிக் கக்கத்துல வைக்கணும். முடிச்ச அவுத்துக்கிட்டு நின்னா வேல போயிரும் புள்ள."

"தல போனா வேல எங்க உக்காரும்?"

அவன் சைக்கிளை மிதித்தான். நாடா காதோரம் ஆடிக்கொண்டு போனது.

மழை விட்ட ஒரு காலை, இறக்கத்தை ஒட்டிய ரப்பர் மர நிரையில் செல்லாயி பால் வெட்டிக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து துரையின் கார் ஏறி வந்தது. மேலேயிருந்து பத்துமலை. பிரேக் பிடித்தான், ஈரத்தில் பிடிக்கவில்லை. இறங்க வழியில்லை. மரியாதையில் பாதியையாவது செய்துவிட நினைத்தானோ என்னவோ, ஒரு கையை எடுத்துத் தலைப்பாகையைக் கழற்றினான். முன்சக்கரம் சறுக்கியது. கார் வளைவில் போய் மறைந்துவிட்டது.

பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். கல்லில் முகம் குப்புறக் கிடந்தான். திருப்பியபோது அது அவள் அறிந்த முகமாக இல்லை. தலைப்பாகை புல்லில் கிடந்தது. அதில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.

தோட்டத்து மருந்துக் கொட்டகையில் டிரஸர் ராமையா கட்டுப் போட்டார். "காதுல ரத்தம் வருது, தங்கச்சி. இது என் கையில இல்ல. ஈப்போவுக்குத்தான் கொண்டு போவணும்."

ஈப்போவுக்கு ரப்பர் சீட்டுத் தகடுகளை ஏற்றிப்போகும் முகம்மது கௌஸ் தன் லாரியில் அவர்களை ஏற்றிக்கொண்டார். தகடுகளின் மேல் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். குலுங்கி அடிபடாமலிருக்கக் கட்டுக்கு மேலேயே தலைப்பாகையை வைத்து, நாடாவைத் தளர்வாக முடிந்தாள். விழுந்ததிலிருந்து அவன் அசையவேயில்லை.

தோட்டத்து வாசலில் லாரி நின்றது.

"நிறுத்தாதீங்கண்ணே. நின்னு கெளம்புனா குலுங்கும், தல தாங்காது."

"தொர காரு திரும்பி வருது, தங்கச்சி. வழி விடலன்னா நாளைக்கு எனக்கு லாரி இல்ல." கௌஸ் இறங்கி ஓரமாக நின்றார்.

கார் ஒலி எழுப்பியது. பத்துமலையின் கை அசைந்தது. மெதுவாக உயர்ந்து, தலையைத் தொட்டு, நாடாவைத் தேடியது. உயிர் இருக்கிறது. அந்த உயிர் தலைப்பாகையைக் கழற்றப் பார்க்கிறது. செல்லாயி அந்தக் கையைப் பற்றினாள்.

"வேணாங்க. தொர இல்ல. யாருமில்ல."

கார் அவர்கள் மேல் சேற்றைத் தெளித்துவிட்டுக் கடந்தது. கை மறுபடி இழுத்தது. பலங்கொண்ட மட்டும் அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தாள்.

லாரி கிளம்பியது. ஈப்போவை ஒட்டிய சுண்ணாம்புமலைகள் தெரியத் தொடங்கியபோது, அந்த இழுப்பு குறைந்துகொண்டே வருவது அவளுக்குத் தெரிந்தது. பிடியைத் தளர்த்தினாள். கை அங்கேயே கிடந்தது. அதைத் தூக்கி, தானே அவன் தாடையோரம் நாடாமேல் வைத்தாள்.

"கழட்டுங்க" என்றாள். "தொர வாராருங்க. கழட்டுங்க."